கூண்டுக்குள் பதினேழு நிமிடம்

ஃபெயில் மேடத்துக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அன்று காலை எட்டரை மணிக்கே அது பாதாளத்துக்குப் போயிருந்தது.

"இந்த டயர்ல முடி இருக்கு, கண்டக்டர்."

"நரைச்சிருக்கான்னு பாருங்க மேடம். வயசு தெரிஞ்சிடும்."

அவள் சிரிக்கவில்லை. காவல் நிலையத்தின் பின்பக்க முற்றத்தில், ஒரு வெள்ளி நிற வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வருஷம் வாகன ஆய்வாளராக இருந்தவள். சரியில்லாத வண்டிக்கு ஃபெயில் போட அஞ்சாததால் வந்த பெயர்தான் இது. பிரேக் இல்லாத பள்ளிக்கூட பஸ்ஸுக்கு பாஸ் போடச் சொன்ன அன்று, ராஜினாமா கடிதத்தை அதே பஸ்ஸின் சீட்டில் வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு தனியார் துப்பறியும் வேலை. கூடவே கண்டக்டர். இருபது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு, வாய் அடங்காமல் அவளிடம் வந்து சேர்ந்தவன்.

சுவரோரமாக நின்றிருந்த டீச்சர், வண்டியைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி இந்த வண்டிக்குள்தான் மூன்று நாளைக்கு முன்னால் செத்துப்போனான். ஊரில் நல்ல பெயர் எடுத்த பல் டாக்டர். முப்பத்தொன்பது வயது.

வண்டி என்றால் மோட்டார் சைக்கிள்தான். ஆனால் கூரை உண்டு, கதவு உண்டு, சீட் பெல்ட் உண்டு, ஏசி உண்டு. முட்டையை நீளமாக இழுத்து இரண்டு சக்கரத்தின் மேல் உட்கார வைத்த மாதிரி இருக்கும். இரண்டு நல்ல காரின் விலை. உள்ளே உட்கார்ந்தவன் காலைத் தரையில் ஊன்ற முடியாது. அதனால் சிக்னலில் நிற்கும்போது கட்டை விரலால் ஒரு பொத்தானை அழுத்தினால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னச் சக்கரங்கள் இறங்கித் தாங்கிக்கொள்ளும். ஷோரூமில் அதைக் 'கால்' என்பார்கள்.

"காலை இறக்க மறந்துட்டார், வண்டி சாஞ்சிருச்சு. கம்பெனி அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கு" என்றாள் டீச்சர்.   "என் தம்பி ஒரு பல்லைப் புடுங்கறதுக்கு முன்னாடி அது எந்தப் பல்லுன்னு மூணு தடவை பார்ப்பான் மேடம். அவன் மறந்துட்டானாம்! செத்தவன் எழுந்து வந்து இல்லேன்னு சொல்ல மாட்டான்ற தைரியம்."

"எதுக்கு இந்த வண்டியை வாங்கினார்?"

"எனக்காக. முன்னாடி சாதாரண பைக்ல விழுந்து தோள் எலும்பை உடைச்சுக்கிட்டான். இனிமே பைக்கைத் தொட்டா என் முகத்துல முழிக்காதேன்னு கத்தினேன். பைக்கும் ஓட்டணும், அக்காகிட்ட திட்டும் வாங்கக் கூடாது. இதைக் காட்டி, 'பாருக்கா, நாலு பக்கமும் கூண்டு, விழுந்தாலும் கீறல் படாது'ன்னான். நானே சரின்னு சொன்னேன்."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். என் வீட்டுக்காரர் அந்த ஷோரூம்லதான் சர்வீஸ் மேனேஜர். நான் உங்ககிட்ட வந்தது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா அவர் வேலைக்கே ஆபத்து. அன்னிக்கு அவர் வெளியூர்ல மீட்டிங். விஷயம் கேள்விப்பட்டு நாலு மணிக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். மூணு நாளா சரியா சாப்பிடக்கூட இல்ல. அவரை இதுல இழுத்துடாதீங்க."

ஃபெயில் மேடம் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். புடவையில் ஒட்டியிருந்த கிரீஸைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"டீச்சர், வண்டி எந்தப் பக்கம் விழுந்துது?"

"இடது பக்கம். கதவு இருக்கிற பக்கம். அதனாலதான் அவனால திறக்க முடியல."

"அப்போ வலது கால் வானத்தைப் பார்த்து இருந்திருக்கும். சரியா? தரையையே தொட்டிருக்காது." வலது பக்கத்துச் சின்னச் சக்கரத்தின் மேல் டார்ச்சை அடித்தாள். டயர் முழுக்க வெள்ளையாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. "அப்புறம் இந்த வெள்ளை பெயிண்ட் எப்படி ஒட்டுச்சு?"

கண்டக்டர் குனிந்து பார்த்தான். "விழறதுக்கு முன்னாடியே கால் கீழ இறங்கியிருக்கு."

"உங்க தம்பி மறக்கல டீச்சர். பொத்தானை அழுத்தியிருக்கார். ரெண்டு காலும் இறங்கியிருக்கு. இப்ப இடது காலைப் பாருங்க. ஒரு பொட்டு பெயிண்ட் இல்ல. டயர்ல புது ரப்பரோட முடி அப்படியே நீட்டிக்கிட்டு இருக்கு. பத்தடி ஓடியிருந்தாலும் அது தேஞ்சிருக்கும். இந்தக் கால், வண்டி விழுந்ததுக்கு அப்புறம் மாட்டினது."

டீச்சர் முதல் முறையாக வண்டியை நிமிர்ந்து பார்த்தாள்.

"யார்?"

"அதைத்தான் இன்னிக்குக் கண்டுபிடிக்கணும்."

"சீக்கிரம் கண்டுபிடிங்க." டீச்சர் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். வழவழப்பான தாளில் பல் டாக்டரின் சிரித்த முகம். கீழே தங்க எழுத்து: 'பாதுகாப்பை நேசித்தவரின் நினைவாக ஒரு பயணம்.' "இன்னிக்குப் பதினோரு மணிக்கு, ஷோரூம்லருந்து பன்னெண்டு வண்டி கிளம்பி மலைப்பாதை வரைக்கும் போகுதாம். என் தம்பி படத்தை வச்சு விளம்பரம். நான் முன் வரிசையில உட்காரணுமாம்."

ஃபெயில் மேடம் அட்டையைத் திருப்பித் தந்தாள். அவள் குரல் இன்னும் இறங்கியது.

"போய் உட்காருங்க. நான் வர்றேன்."

*

டாக்டர் விழுந்த இடம் ஷோரூமிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. நான்கு சாலைகள் கூடும் சிக்னல். பாதசாரிகள் கடக்கும் வெள்ளைப் பட்டைகள் புதிதாகப் பளபளத்தன. அடுத்த முக்கில் பெயிண்ட் அடிக்கும் ஆட்கள் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள்.

ஃபெயில் மேடம் கடைசிப் பட்டையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். காய்ந்த பெயிண்டில் மூன்று சக்கரக் கோடுகள் பதிந்திருந்தன. நடுவில் ஒரு தடித்த கோடு, இரண்டு பக்கமும் இரண்டு மெல்லிய கோடுகள். இடது கோடு பாதியில் கோணலாகிப் பட்டென்று நின்றுபோயிருந்தது. சுற்றிலும் செருப்புத் தடங்கள்.

"எண்ணு" என்றாள்.

"டிக்கெட் இல்லாத பயணிங்களை எண்ணியே பழக்கம் எனக்கு." கண்டக்டர் விரல் விட்டு எண்ணினான். "எட்டு ஜோடி உள்ள வந்திருக்கு. அதே எட்டு ஜோடி திரும்பிப் போயிருக்கு. தனியா ஒரு ஆள் முட்டி போட்டிருக்கான்."

"எட்டு பேர் சேர்ந்துதான் வண்டியை நிமிர்த்தினாங்கன்னு போலீஸ் எழுதியிருக்கு. நிமிர்த்த இன்னொரு தடவை வந்த தடம் எங்க?"

கண்டக்டர் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.

பெயிண்ட் மேஸ்திரி நாற்பது வயதுக்காரர். கையெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். ஃபெயில் மேடம் சுற்றி வளைக்கவில்லை.

"விழுந்த உடனே எட்டு பேர் ஓடி வந்தீங்க. அப்புறம் ஏன் திரும்பிப் போனீங்க?"

மேஸ்திரியின் முகம் சுருங்கியது. இந்தக் கேள்விக்காகவே மூன்று நாளாகக் காத்திருந்தவர் மாதிரி பேச ஆரம்பித்தார்.

"கடைசிப் பட்டை அடிச்சு ஒரு நிமிஷம்கூட ஆகலம்மா. அந்த வண்டி வந்து நின்னுச்சு. ரெண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் இறங்கினதை நான் என் கண்ணால பார்த்தேன். அடடா, புதுப் பெயிண்ட் போச்சேன்னு கத்தப் போறேன், இடது பக்கச் சக்கரம் முட்டி மடங்கின மாதிரி மடங்குது. பொத்துனு சாஞ்சிருச்சு. எல்லாரும் ஓடினோம். உள்ள அவர் நல்லாத்தான் இருந்தார். பெல்ட்டுல தொங்கிக்கிட்டு, ஒண்ணுமில்லன்னு கையைக்கூடக் காட்டினார். நாங்க நாலு பேர் ஒரு பக்கம், நாலு பேர் ஒரு பக்கம் பிடிச்சோம். தூக்கப் போற நேரம், வேன் வந்துச்சு."

"எந்த வேன்?"

"கம்பெனி வேன். வண்டி விழுந்தா அவங்களுக்குத் தானா தகவல் போயிடுமாம். ரெண்டு நிமிஷத்துல வந்துட்டான். நீலச் சட்டை, தொப்பி, மூஞ்சியில தூசிக்குத் துணி. 'தொடாதீங்க, அடியில பெரிய பேட்டரி இருக்கு, கரண்ட் அடிச்சுச் செத்துப்போவீங்க, முப்பது அடி தள்ளி நில்லுங்க'ன்னு கத்தினான். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கிட்டு இருந்தேன். 'நான் சொல்லிட்டேன், வச்சிடு'ன்னான். வச்சிட்டேன்."

"அப்புறம்?"

"ஜாக்கி வச்சு ஒரு சாண் தூக்கினான். கதவைத் திறக்கத்தான் போறான்னு நினைச்சோம். அவன் அடியில கையை விட்டு ஸ்பேனர் போட ஆரம்பிச்சான். நடுவுல ஒரு தடவை போன் பேசினான். உச்சி வெயில். எஞ்சின் நின்னதும் உள்ள ஏசியும் நின்னுபோச்சு. உள்ள இருந்தவர் கண்ணாடியைத் தட்டிக்கிட்டே இருந்தார்."

"ஏதாவது சொன்னாரா?"

"கண்ணாடி தடிமன்மா, சரியா கேக்கல. 'அதான்... அதான்'னு என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தார். எது அதான், எதுக்கு அதான், ஒண்ணும் புரியல. போகப் போக தட்டறது குறைஞ்சுது." மேஸ்திரி கையைத் துணியில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "அவன் வேலை முடிஞ்சதும்தான் எங்களைக் கூப்பிட்டான். 'இப்ப வாங்க, தூக்குங்க.' ஒரே மூச்சுல தூக்கிட்டோம். கரண்ட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கதவைத் திறந்து பார்த்தான். ஒரு வார்த்தை பேசல. வேன்ல ஏறிப் போயிட்டான். அப்புறம்தான் நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்."

"அதுக்குள்ள பெயிண்ட் காஞ்சிருச்சு. அதனால ரெண்டாவது தடவை தடம் விழல" என்றாள் ஃபெயில் மேடம். "உங்க போனைக் காட்டுங்க."

போனில் இரண்டு அழைப்புகள் இருந்தன. பாதியில் துண்டித்தது பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்கு. அடுத்தது பன்னிரண்டு ஐம்பத்தொன்பதுக்கு.

"பதினேழு நிமிஷம்" என்றான் கண்டக்டர்.

"எட்டு பேர் இருந்தோம்மா" என்றார் மேஸ்திரி. "எட்டு பேர்! அவன் ஒருத்தன் சொன்னான்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னோம். போலீஸ்காரர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். 'வண்டி சாய்ந்தது, எட்டு பேர் நிமிர்த்தினார்கள்'னு ஒரே வரி எழுதிக்கிட்டுப் போயிட்டார்."

இருவரும் காரில் ஏறினார்கள். டாக்டருக்குச் சின்ன வயசிலிருந்தே மூச்சிரைப்பு என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தாள். மருந்துக் குழாய் சீட்டுக்குப் பின்னால் பையில் இருந்திருக்கிறது. பெல்ட்டில் தொங்கியவனுக்குக் கை எட்டவில்லை.

"மெக்கானிக்" என்றான் கண்டக்டர். "மெக்கானிக் பயலைப் பிடிச்சா முடிஞ்சுது மேடம். அவனை எனக்கு விட்டுடுங்க. பஸ்ஸுல பிக்பாக்கெட்டை இறக்கின கை இது."

*

ஷோரூமின் முன்னால் பன்னிரண்டு வண்டிகள் வரிசையாக நின்றன. கண்ணாடி வழியாகப் பார்த்தால் பொம்மைக்கடை மாதிரி இருந்தது. டாக்டரின் படம் ஆள் உயரத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. டீச்சரின் கணவர், வெள்ளைச் சட்டையும் சிவந்த கண்களுமாக, அந்தப் படம் கோணலாக இருக்கிறதா என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி நேராக ஃபெயில் மேடத்திடம் வந்தார். வாங்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். அவளும் மறுக்கவில்லை.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க மேடம். அப்புறம் கார் உங்களுக்குப் பிடிக்காது, பைக்கும் பிடிக்காது."

"நான் பின்னாடி உட்காரலாமா சார்? இல்ல, எனக்குத் தனியா ஒரு கூண்டு தருவீங்களா?" என்றான் கண்டக்டர்.

கதவு மூடியதும் தெருவின் இரைச்சல் சட்டென்று அறுந்துபோனது. ஃபெயில் மேடம் முடுக்கினாள். கால்கள் இரண்டும் மேலேறிக்கொண்டன. வண்டி நீரில் இறங்கிய மீன் மாதிரி நழுவியது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கார் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத இடைவெளி, அதில் புகுந்து வெளியே வந்தாள். வளைவில் வண்டி சாய்ந்தபோது உடம்பும் கூடவே சாய்ந்தது. தூசி இல்லை, புகை இல்லை, தலையை அழுத்தும் ஹெல்மெட் இல்லை. வேகம் மட்டும் முதுகுத்தண்டில் தெரிந்தது.

"எப்படி இருக்கு மேடம்?" பின்சீட்டிலிருந்து கண்டக்டர்.

"நல்லா இருக்கு." பற்களைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் வயித்தெரிச்சல். இவ்வளவு அழகா ஒரு வண்டியைச் செஞ்சுட்டு, அதோட கால் முட்டியில ஒரு ஆணியை ஒழுங்கா போட முடியல இவங்களுக்கு."

ஏசியை அணைத்தாள். ஒரு நிமிஷத்தில் கழுத்து நனைந்தது. இரண்டாவது நிமிஷத்தில் கண்ணாடி வழியாக இறங்கிய வெயில் நெற்றியைச் சுட்டது. பாலத்தின் மேல் ஏறியபோது பக்கக் காற்று வண்டியை ஒரு முழம் தள்ளியது. மூன்றாவது நிமிஷம் கண்டக்டர் முனகினான்.

"மேடம், நான் இட்லியா என்ன? ஆவியில வைக்கறீங்க."

"மூணு நிமிஷம்தான் ஆச்சு."

 அதற்குப் பிறகு திரும்பி வரும்வரை அவன் ஏசியைப் போடச் சொல்லவில்லை.

அவள் ஷோரூமின் முன்வாசலுக்குப் போகவில்லை. பக்கத்துச் சந்தில் திரும்பி, பின்பக்கப் பட்டறைக்குள் வண்டியை நேராக விட்டாள். நிற்கும் கணத்தில் கட்டை விரல் தானாகப் பொத்தானைத் தேடியது. கால்கள் டக் டக்கென்று தரையில் ஊன்றின. அந்தச் சத்தம் கேட்கும்வரை அவள் மூச்சு விடவில்லை.

பட்டறையில் ஒரே ஒரு ஆள். நீலச் சட்டை.

கண்டக்டர் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தான். "ஏன்யா, கரண்ட் அடிக்கும்னு சொன்ன மகராசன் நீதானா?"

மெக்கானிக் திரும்பினான். வலது கை மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருந்தது. மூன்று விரல்கள் சேர்த்துச் சின்னப் பலகையில் கட்டப்பட்டிருந்தன.

"போன வாரம் செயின்ல மாட்டிக்கிச்சு" என்றான், அவர்கள் பார்வையைப் பார்த்துவிட்டு. "பத்து நாளா ஸ்பேனரைத் தொடல. நீங்க டாக்டர் விஷயமா வந்திருக்கீங்களா?"

கண்டக்டரின் கை தானாகக் கீழே இறங்கியது.

"வந்திருந்தா?" என்றாள் ஃபெயில் மேடம்.

மெக்கானிக் வாசலைப் பார்த்தான். பிறகு பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் போய், சாக்கில் சுற்றியிருந்த ஒன்றை இடது கையால் இழுத்து வந்தான். முட்டியில் மடங்கிப்போன ஒரு இரும்புக் கால். நுனியில் சின்னச் சக்கரம். டயர் முழுக்க வெள்ளைப் பெயிண்ட்.

"அன்னிக்குச் சாயங்காலம் கழிவுப் பெட்டியில கிடந்துச்சு. எடுத்து ஒளிச்சு வச்சேன். முட்டியில இருக்கிற இந்த ஆணி பலமில்லாத ஆணிம்மா. நாலஞ்சு மாசத்துல விட்டுடும். மாத்தணும்னு ஆறு தடவை எழுதிக் கொடுத்தேன். வித்த வண்டியையெல்லாம் திருப்பிக் கூப்பிட்டா பேர் கெட்டுடும்னு முதலாளி கிழிச்சுப் போட்டார். வாசல்ல நிக்குதே பன்னெண்டு, அதுலயும் இதே ஆணிதான். இப்ப மலை ஏறப் போகுது."

"வேனை யார் எடுத்தாங்க?"

"நான் அப்போ கட்டு மாத்த ஆஸ்பத்திரி போயிருந்தேன். சாவி மேனேஜர் ரூம்ல தொங்கும். மேனேஜர்தான் ஊர்ல இல்லன்னாங்க. யார் எடுத்தாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

முன்பக்கத்திலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. முதலாளி பேச ஆரம்பித்துவிட்டார். 'டாக்டர் நம்ம குடும்பத்துல ஒருத்தர்...'

ஃபெயில் மேடம் அசையாமல் நின்றாள். உதடு மட்டும் எதையோ மெல்லச் சொல்லிப் பார்த்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

"கண்டக்டர்" என்றாள். "மேஸ்திரிக்குப் போன் போடு. லைன்லயே இருக்கச் சொல்லு. அந்தக் காலை எடுத்துக்கிட்டு வா."

*

பன்னிரண்டு வண்டிகளிலும் ஆட்கள் ஏறிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். முதலாளி ஒலிபெருக்கியில் குரல் தழுதழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பச்சைக் கொடியோடு டீச்சரின் கணவர். முன் வரிசையில் டீச்சர்.

கண்டக்டர் அந்த மடங்கிப்போன காலை டாக்டரின் படத்துக்கு முன்னால் வைத்தான். இரும்பு மேடையில் மோதிய சத்தத்தில் முதலாளியின் பேச்சு நின்றது.

"டீச்சர்" என்றாள் ஃபெயில் மேடம். "இதுதான் உங்க தம்பி வண்டியோட உண்மையான கால். இது உடைஞ்சதாலதான் வண்டி விழுந்துது. உடைஞ்சது வெளியே தெரியக் கூடாதுன்னு, அவரை உள்ள வச்சுக்கிட்டே பதினேழு நிமிஷம் இதைக் கழட்டி வேற காலை மாட்டியிருக்காங்க. தூக்க வந்தவங்களையும் விரட்டி, ஆம்புலன்ஸையும் தடுத்து."

டீச்சர் எழுந்து நின்றாள். 

"யாரும்மா நீங்க?" என்றார் முதலாளி.

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டரின் போனை வாங்கி மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள். "மேஸ்திரி, உள்ள இருந்தவர் என்ன சொல்லிக்கிட்டே இருந்தார்?"

"அதான்... அதான்னு சொன்னார்மா" என்றது போன். "கடைசி வரைக்கும் அது ஒண்ணுதான்."

"டீச்சர், உங்க தம்பி உங்க வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவார்?"

"அத்..."

டீச்சருக்கு வார்த்தை முடியவில்லை. வாய் திறந்தபடியே மெல்லத் திரும்பினாள்.

பச்சைக் கொடி கீழே விழுந்தது.

"நல்லாத்தான் இருந்தான்" என்றார் அவர். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகவே பேசினார். "கையைக் காட்டினான். சிரிச்சான்கூட. ரெண்டே நிமிஷம் மாப்ள, பொறுத்துக்கோன்னேன். நட்டு இறுகிப்போய்க் கிடந்துச்சு. சார்தான் போன்ல, காலை மாத்தாம கதவைத் திறந்தா நாளைக்குக் கடையைத் திறக்க முடியாதுன்னு..."

"நான் எதுவும் சொல்லல!" முதலாளியின் குரல் கீச்சிட்டது. "ஆள் தப்பு பண்ணிட்டு என் மேல போடறான்!"

டீச்சர் அவரைக் கடந்து கணவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மீட்டிங்னு சொன்னீங்க."

அவர் ஒரு அடி பின்வாங்கினார்.

"ரெண்டு நிமிஷம் முடிஞ்சப்புறம் ஏன் நிறுத்தல?"

அவர் தரையைப் பார்த்தார். உதடு பல தடவை அசைந்தது. கடைசியில் வந்தது மிகச் சின்னக் குரல்.

"பாதி கழட்டியாச்சு..."

அடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். டீச்சர் அடிக்கவில்லை. அவர் ஏதோ அழுக்குத் தண்ணீர் மாதிரி, படாமல் ஒதுங்கி நடந்தாள். நேராக முதல் வண்டியிடம் போய்க் கண்ணாடியில் ஓங்கித் தட்டினாள்.

உள்ளே இருந்தவர் தடித்த ஆள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, பாட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். வெளியே நடந்த எதுவும் அவர் காதில் விழவில்லை. டீச்சரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். வழியனுப்புகிறாள் என்று நினைத்துவிட்டார். எஞ்சின் உறுமியது.

"இறங்கு!" டீச்சர் இரண்டு கையாலும் அறைந்தாள். "இறங்குடா வெளிய! இறங்கு!"

வண்டி ஒரு அடி நகர்ந்தது. ஃபெயில் மேடம் ஓடிப்போய் முன் சக்கரத்துக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கண்டக்டர் அடுத்த வண்டியின் முன்னால் நீட்டிப் படுத்தே விட்டான்.  பட்டறையிலிருந்து மெக்கானிக் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து மூன்றாவது வண்டியை மறித்தான்.

முதல் கதவு திறந்தது. "என்னம்மா இது, நாங்க எல்லாம் பெரிய விலை கொடுத்து..."

"இறங்குங்க" என்றாள் டீச்சர். அவள் உள்ளங்கைகள் சிவந்து வீங்கியிருந்தன. "உங்களுக்கும் வீட்ல அக்கா தங்கச்சி இருப்பாங்க. இறங்குங்க முதல்ல. அப்புறம் எல்லாம் சொல்றேன்."

அவர் படத்தைப் பார்த்தார். அதற்கு முன்னால் கிடந்த உடைந்த காலைப் பார்த்தார். பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு இறங்கினார். அவரைப் பார்த்து இரண்டாமவர். பிறகு வரிசையாகக் கதவுகள் திறந்தன. வெயிலில் வந்து நின்ற பன்னிரண்டு பேரும் தங்கள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவன் போலீஸுக்குப் போன் செய்தான். இன்னொருவன், நழுவப் பார்த்த முதலாளியின் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். டீச்சரின் கணவர் மட்டும் எங்கும் ஓடவில்லை. படத்துக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஃபெயில் மேடத்தின் மடியில் கிடந்த போன் இன்னும் அணையவில்லை.

"அம்மா... லைன்ல இருக்கீங்களா?" மேஸ்திரியின் குரல். "எல்லாம் கேட்டேன்மா. நாங்க எட்டு பேரும் இங்க ஒண்ணா நிக்கறோம். பிரஷ்ஷைக் கீழ வச்சுட்டோம். சொல்லுங்க, நாங்க எங்க வரணும்?"